நினைவில் இருக்கும் ஊரை வரைந்தவர்கள், உங்கள் அனுபவம்?

தேரிக்காட்டான்:
எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழித் தேரி ஓரம். தேரி என்றால் செம்மணல் மேடு. சென்னையில் உட்கார்ந்து வரையும்போதெல்லாம் தேரி மண் ரத்தச் சிவப்பாகவே வரும். போன கோடையில் தாளும் வண்ணப்பெட்டியுமாக நேரிலேயே போய் உட்கார்ந்தேன். உச்சிவெயிலில் பார்த்தால் மண் வெளிறிய ஆரஞ்சு. கண்ணில் பட்டதை அப்படியே தீட்டினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, ஆத்து மணலா?" என்றார்.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன். சாய்வெயில் பட்டதும் மேடெல்லாம் சிவந்துவிட்டது. சின்ன வயதில் கொல்லாம்பழம் பொறுக்க நாங்கள் போனது பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான். ஆக, எனக்குத் தெரிந்ததே சாயங்காலத் தேரிதான்.

அந்த மணலுக்குச் சிவப்பு தருவது இரும்பு ஆக்சைடு. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்திலும் அதே சரக்குதான். அதோடு கொஞ்சம் லைட் ரெட், நிழலுக்குத் துளி அல்ட்ராமரின் நீலம். கிரிம்சன் சிவப்பு பக்கம் போகாதீர்கள், மண் மிட்டாய் ஆகிவிடும். அந்த வெயிலில் தாள் நனைத்த கையோடு காய்கிறது. காற்று வேறு மணலைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டும். (ஒட்டியதை நான் தட்டிவிடவில்லை. திட்டுபவர்கள் திட்டலாம்.)

தூரிகை:
சார், நேரில் போய்த்தான் ஆகணுமா? 1966-ல் சென்னை பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரே முதலில் கேரளக் காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தவர், பிற்பாடு எழுத்து, குறியீடு என்று போய்விட்டார். ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்தப் பழைய பச்சைதான். அதனால் பாதி உங்கள் கட்சி.

சேலத்து ஆள்:
நான் வரைவது நான் பார்த்தே இராத ஊரை. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குள் போய்விட்டது ஆயாவின் ஊர். 120 அடி தண்ணீர் நின்றால் ஒன்றும் தெரியாது. வற்றினால் பண்ணவாடி பக்கம் தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தலைகாட்டும். எல்லாரும் அதைத்தான் வரைகிறார்கள், நானும் வரைந்து ஆயாவிடம் காட்டினேன். நந்தியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "களத்துமேடு எங்க சாமி?" என்றார்.

அப்புறம் அவர் சொல்லச் சொல்லப் பென்சிலில் போட்டேன். பாலமலை இன்றும் நிற்கிறது, அதை மட்டும் நேரில் பார்த்து வரைந்தேன். களம், கிணறு, வண்டித்தடம் எல்லாம் ஆயா வாய்ச்சொல். புளியமரத்தில்தான் தகராறு. ஒருநாள் கிணற்றுக்கு மேற்கே என்பார், மறுநாள் களத்துக்குப் பின்னால் என்பார். கடைசிவரை முடிவாகவில்லை. படத்தில் இரண்டு புளியமரம் இருக்கிறது.