உடல் கிடைக்காத கொலை வழக்கு: பன்வேல் தீர்ப்பு குறித்து

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, நவி மும்பையின் நேருளிலிருந்து வணக்கம்.

பிணமே அகப்படாதபோது கொலை என்று எப்படித் தீர்ப்பளிக்க முடியும் என்று தாராவி அண்ணாச்சி கேட்டிருந்தார்கள். 2016 ஏப்ரலில் காணாமற்போன பெண் காவல் அதிகாரியின் உடல், வசாய் கழிமுகத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஆயினும், அவரைக் கொன்ற குற்றத்துக்காக, காவல் ஆய்வாளராக இருந்த ஒருவருக்கு 2025 ஏப்ரலில் பன்வேல் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

மரணம் நிகழ்ந்தது, நிகழ்த்தியவர் இவரே என்ற இரண்டையும் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்பதே சட்டம். உடல் அதற்கொரு சான்று, அவ்வளவே. உடல் கிடைத்தே ஆகவேண்டும் என்று வைத்தால் பிணத்தை அடியோடு அழிக்கத் தெரிந்தவன் தப்பிவிடுவான். 1991-இல் சேவகப் பெருமாள் வழக்கில் (நம் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கு அது), மரணத்தையும் மற்ற உண்மைகளைப் போலவே பிற சான்றுகளால் நிறுவலாம் என்று நீதிபதிகள் கூறினார்கள்.

அண்ணாச்சியின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் கேம்ப்டனில் 1660-இல் ஒருவர் காணாமற்போக, அவருடைய வேலையாள் சொன்ன வாக்குமூலத்தை நம்பி, அந்த வேலையாளையும் அவன் தாயையும் சகோதரனையும் தூக்கிலிட்டார்கள். காணாமற்போனவரோ 1662-இல் உயிரோடு திரும்பி வந்தார். நம் நாட்டில் காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்வதில்லை. சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் நம்பும் வழக்கில் அவை கண்ணிவிடாத சங்கிலியாக அமைய வேண்டும் என்று 1984-இல் மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்ததும் இத்தகைய தவறு நேராதிருக்கத்தான்.

என் மனம் ஆறாதது அந்தப் பெண் அதிகாரியின் குடும்பத்தை நினைத்துத்தான். ஒன்பது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியும், கரைக்க ஒரு பிடிச் சாம்பல்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத வழக்கில் கைபேசி அழைப்புப் பதிவும் கண்காணிப்புக் காணொளியுமே பெரும்பாலும் சாட்சி சொல்கின்றன. அவற்றை யாரும் காலமெல்லாம் சேமித்து வைப்பதில்லை. ஆகவே, நம் ஊர்ப் பிள்ளை யாரேனும் இங்கே காணாமற்போனால், மானம் போகுமே என்று ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். கடத்தல் என்று ஐயம் இருந்தால், மும்பைக்கு வண்டியேறக் காத்திராமல் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது மராத்தியில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அன்றே படித்துப் பொருள் சொல்கிறேன்.