கலைச்சொல் வேண்டுகோள்: சிறு வேடமாக நுழைந்து தொடரையே தாங்கும் பாத்திரத்திற்கு என்ன பெயர்?

மடல் 1. மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இளங்கலைக் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்காகத் தொலைக்காட்சித் தொடர் எழுத்து பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. ஒன்று மட்டும் மூன்று நாளாக வழிவிடாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'பிரேக்அவுட் கேரக்டர்' என்கிறார்கள். சிறிய வேடமாகத் தொடருக்குள் வந்து, பார்ப்பவர்களின் மனத்தில் இடம்பிடித்து, நாளடைவில் தலைமைப் பாத்திரத்துக்கு இணையாகவோ அதற்கும் மேலாகவோ உயர்ந்துவிடும் பாத்திரத்தை அது குறிக்கும்.

இயலின் முதல் எடுத்துக்காட்டு, 1974 முதல் 1984 வரை அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் வந்த 'ஹாப்பி டேஸ்'. மில்வாக்கி நகரத்துப் பையன் ரிச்சியின் வீட்டுக் கதையாக அது தொடங்கியது. ஹென்றி விங்க்ளர் நடித்த ஃபான்ஸி, அந்தக் கதையின் ஓரத்தில் அவ்வப்போது வந்து சில வரிகள் பேசிப்போகும் மெக்கானிக் இளைஞன், அவ்வளவுதான். தோல் மேற்சட்டை போட்டால் ரௌடியைப் போலத் தெரிவான் என்று அலைவரிசையினர் தடுத்ததால், தொடக்கத்தில் வெளிர்நிறத் துணிச் சட்டையோடுதான் வந்தான். பைக் ஓட்டுபவனுக்குத் தோல் சட்டை பாதுகாப்பு என்று தொடரை உருவாக்கிய கேரி மார்ஷல் வாதாட, பைக்கோடு வரும் காட்சிகளில் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. உடனே அவர் ஃபான்ஸியின் காட்சிகளில் எல்லாம் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அந்தத் தோல் சட்டை 1980இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபான்ஸியோ அதற்குள் தொடரின் முகமாகவே ஆகியிருந்தான்.

'உடைத்தெழு பாத்திரம்', 'திடீர்ப்புகழ்ப் பாத்திரம்' என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மனம் நிற்கவில்லை. உங்கள் உதவியை நாடுகிறேன்.

மடல் 2. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

'உடைத்தெழு' வேண்டவே வேண்டாம். ஃபான்ஸி எதையும் உடைக்கவில்லை. எழுதியவர்களே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடந்தது வளர்ச்சி. ஆகவே 'வளர்மாந்தர்' என்று முன்மொழிகிறேன். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல். வளர்ந்த, வளர்கிற, வளரும் என முக்காலமும் அதற்குள் அடங்கும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பாத்திரம் எங்கே போய் நிற்கும் என்பது எழுதுகிறவருக்கே தெரியாது என்பதால், காலம் கரந்திருப்பதே இங்கே பொருத்தம். வளர்பிறை என்னும் சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருப்பதால் பழக்கவும் எளிது.

பாத்திரம் என்பது வடசொல். கதைமாந்தர் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்க, அது ஏன் வேண்டும்?

இத்தகைய வளர்ச்சி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் சொல்லும் பழங்கதைக்குள் மணிமேகலை பெயர் சூட்டப்படும் குழந்தையாக வருகிறாள். இளங்கோவின் காப்பியத்தில் அவளுக்குரிய இடம் மிகச் சிறியது. சாத்தனாரிடம் வரும்போது முப்பது காதைகளும் அவள் பின்னே நடக்கின்றன. ஒரு காப்பியத்தின் ஓரத்தில் பிறந்து, அடுத்த காப்பியத்தின் பெயராகவே ஆனவள் அவள். ஏழாம் இயலில் இதை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சேர்க்க வேண்டுகிறேன்.

மடல் 3. காட்சித் தொடர்பியல் விரிவுரையாளர், சென்னை

ஐயாவுக்கு வணக்கம். 'வளர்' என்பதை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். 'மாந்தர்' என்பதில்தான் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, எண். மாந்தர் பலர்பால். ஃபான்ஸி ஒரு வளர்மாந்தர் என்று எழுதினால் மரியாதைப் பன்மையென்று கொள்ளலாம்; ஆனால் ஒருவரைக் குறிப்பதற்கும் பலரைக் குறிப்பதற்கும் வேறுபாடு இல்லாத கலைச்சொல், தேர்வுத்தாளில் குழப்பம் விளைவிக்கும். வளர்மாந்தன் என்றால் பெண்ணை என்ன சொல்வது?

இரண்டாவது, திணை. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்பது தொல்காப்பியம். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பரில் தோன்றிய டாலெக்குகளை நான் வகுப்பில் தவறாமல் எடுத்துக்கொள்வேன். இயந்திர ஓட்டுக்குள் அடைந்துகிடக்கும் வேற்றுக்கோள் உயிரிகள் அவை. அந்த ஒரு கதையோடு அழிந்துபோவதாகத்தான் டெர்ரி நேஷன் எழுதியிருந்தார். பிரிட்டன் சிறுவர்களுக்கு அவற்றின் மேல் உண்டான பித்து அவற்றைத் திரும்ப அழைத்துவந்தது; இன்று அத்தொடரைச் சொன்னால் அவற்றைச் சொல்லாமல் முடியாது. அவற்றை மாந்தர் என்று அழைக்க என் நா எழவில்லை. பாத்திரம் என்றால் இரு திணைக்கும் பொருந்தும்.

ஆகவே 'வளர்பாத்திரம்'. ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இன்று காலை இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எல்லோரும் ஒருமுறை எழுதிக்காட்டுங்கள் என்றேன். முன்வரிசை மாணவி 'வளர்ப்புப் பாத்திரம்' என்று எழுதியிருந்தார். கேட்டதற்கு, "வளர்ப்பு மகள் மாதிரி, வேறொரு கதையிலிருந்து இந்தக் கதை தத்தெடுத்த பாத்திரம்தானே அம்மா?" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் 'வளர்ப்பாத்திரம்' என்று ஒற்றை மிகுத்திருந்தார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற விதி பள்ளியோடு போய்விட்டது. பாடநூலில் சொல் முதன்முதலாக வரும் இடத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மடல் 4. மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

நண்பர்களே, 'வளர்' பொருந்தும்தான். ஆனால் அது மிகப் பொதுவான சொல். எல்லாப் பாத்திரமும் வளரும். வளரவில்லையென்றால் கதை இல்லை. நமக்கு வேண்டியது கீழிருந்து எழும்பி ஒளிவிடுதல். அதற்குத் தமிழில் 'கிளர்' இருக்கிறது. கிளர்தல் என்றால் எழுதல், மேலெழுதல், விளங்குதல். 'கிளர்பாத்திரம்' என்பது என் பரிந்துரை.

இதன் வேரைப் பாருங்கள். கிள் என்னும் அடியிலிருந்து கிளர், கிளை, கிளவி என்று ஒரு குடும்பமே விரிகிறது என்பது என் நெடுநாள் எண்ணம். அடிமரத்தைப் பிளந்துகொண்டு எழுவது கிளை. வாயிலிருந்து எழுவது கிளவி. அந்தக் கிளவியைத் திருப்பிச் சொல்லும் பறவை கிளி. ஒரு தொடரின் பாத்திரத்திலிருந்து பிரிந்து பிறக்கும் தனித்தொடரை, இந்த இயலில் அடுத்து வரவேண்டிய 'ஸ்பின்-ஆஃப்' என்பதை, குறிக்கக் 'கிளைத்தொடர்' என்று எல்லோரும் எழுதத் தொடங்கிவிட்டோம். கிளர்பாத்திரத்திலிருந்து கிளைத்தொடர் பிறக்கிறது என்னும்போது, நிகழ்வின் தொடர்ச்சி சொல்லின் வேரிலேயே இருக்கிறது. 'சியர்ஸ்' தொடரில் 1984இல் சில பகுதிகளுக்கென்று வந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர், பாஸ்டன் நகரத்து மதுக்கடையில் ஒரு வாடிக்கையாளராக நிலைத்துப்போனார். 1993இல் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்து தம் பெயரிலேயே தனித்தொடர் கண்டார். அதுவும் 2004 வரை ஓடியது. அந்த வேடத்தில் நடித்த கெல்சி கிராமர் இருபது ஆண்டுகள் ஒரே பாத்திரமாக வாழ்ந்தார். கிளர்ந்தது கிளைத்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிளிஞ்சல், கிளிஞ்சி ஆகிய சொற்களையும் இதே வேரோடு இணைக்கலாம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மடல் 5. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

தம்பி, கிளையும் கிளவியும் ஒரு வேரா என்பதைப் பிறகு பேசுவோம். கிளி அந்தக் கூட்டத்தில் சேராது என்பது என் துணிபு. இன்று கிளர் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கிளர்ச்சி. கிளர்பாத்திரம் என்றால் கதைக்குள் கலகம் செய்பவர் என்றுதான் மாணவர் பொருள்கொள்வர். கிளர்ச்சிக்குரிய வேறொரு பொருளை வகுப்பில் விளக்கும் சங்கடத்தையும் ஆசிரியர்களுக்குத் தரவேண்டாம்.

மடல் 6. திரைக்கதை பயிற்றுநர், மதுரை

ஐயன்மீர், இதுவரை வந்த சொற்கள் எல்லாம் பாத்திரத்தின் அளவைப் பற்றியே பேசுகின்றன. அளவு பெரிதாவது விளைவு, காரணம் வேறு. அந்தக் காரணம் சொல்லில் இல்லையென்றால் இது கலைச்சொல் ஆகாது என்பது என் கருத்து.

'ஈஆர்' தொடரின் 1994ஆம் ஆண்டு முதற்பகுதியில், கேரல் ஹாத்தவே என்ற செவிலியர் தற்கொலைக்கு முயன்ற நிலையில், தாம் பணியாற்றும் மருத்துவமனைக்கே கொண்டுவரப்படுகிறார். எழுதியவர்களின் திட்டப்படி அவர் இறந்துபோக வேண்டியவர். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது, அவர் பிழைத்தார். ஜூலியானா மார்குலிஸ் 2000 வரை அந்தப் பாத்திரத்தில் நடித்தார். 'பிரேக்கிங் பேட்' தொடரில் ஜெசி பிங்க்மன் முதல் சீசன் முடிவில் கொல்லப்படுவதாக இருந்தவன். ஆரோன் பாலின் நடிப்பைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டதாகத் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்லியிருக்கிறார். அதே தொடரில் 2009இல் நுழைந்த வழக்கறிஞர் சால் குட்மன், 2015 முதல் 2022 வரை ஆறு சீசன்கள் ஓடிய தனித்தொடரின் நாயகன் ஆனார்.

ஜெசியைக் காத்தது படைத்தவரின் கண். கேரலைக் காத்தது பார்த்தவர்களின் அன்பு. இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதை வளர்பாத்திரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். நம்மிடம் கேட்கப்பட்டது இரண்டாவது. விழைவால் எழுவதால் 'விழைவெழு பாத்திரம்' என்று சொல்லலாம். விழைவு பார்ப்பவருடையது, எழுச்சி பாத்திரத்தினுடையது. காரணமும் காரியமும் ஒரே சொல்லில் அமைகின்றன.

மடல் 7. காட்சித் தொடர்பியல் விரிவுரையாளர், சென்னை

மதுரை ஐயா செய்த பாகுபாடு மிக முக்கியமானது; பாடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் 'விழைவெழு' என்பதில் ழகரம் இருமுறை வருகிறது. என் மாணவர்கள் பலர் அதை வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். சொல்லத் தயங்கும் சொல் தேர்வறையைத் தாண்டி வாழாது. படப்பிடிப்புத் தளத்தில் ஆங்கிலச் சொல்லே நிற்கும்.

மடல் 8. நாடக ஆசிரியை, யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். நாடகமும் அரங்கியலும் பாடத்தை உயர்தர வகுப்பில் படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்களிடம் பாத்திரம், பாத்திரப் படைப்பு என்பவை வேரூன்றிவிட்ட சொற்கள். தஞ்சை ஆசிரியர் ஐயா அதை வடசொல் என்று தள்ளினார். 'இயற்சொல் திரிசொல் திசைச்சொல் வடசொல்' என்று செய்யுள் ஈட்டச் சொற்களில் வடசொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறாரே. ஐயா எடுத்துக்காட்டிய மணிமேகலையிலேயே 'பாத்திரம் பெற்ற காதை' என்று ஒரு காதை உண்டு. அங்கே அது அமுதசுரபி என்னும் கலம்தான். நாடகப் பாத்திரம் அன்று. ஆனாலும் சொல் நம் வீட்டுக்குள் வந்து எவ்வளவு காலமாகிறது என்பதற்கு அது போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. பாத்திரம் என்பதற்குக் கலம், நாடக வேடம் என்பவற்றோடு மூன்றாவது பொருளும் உண்டு. 'எல்லோருடைய அன்புக்கும் பாத்திரமானவர்' என்று வாழ்த்துமடலிலும் எழுதுகிறோம், இரங்கலுரையிலும் சொல்கிறோம். உரியவர், தகுதியுடையவர் என்பது அதன் பொருள். மதுரை ஐயா தேடுகிற பார்வையாளரின் அன்பு இச்சொல்லுக்குள் முன்பே இருக்கிறது. சிறிய வேடமாக வந்து, மக்களின் அன்புக்குப் பாத்திரமாகி வளர்வது வளர்பாத்திரம் என்று முதல் வரியிலேயே விளக்கம் எழுதினால், காரணமும் சொல்லப்பட்டுவிடும். புதிய அடைமொழியும் தேவைப்படாது.

மடல் 9. மொழிபெயர்ப்பாளர், கோயம்புத்தூர்

அன்புள்ள அனைவருக்கும்,

யாழ்ப்பாணத்து ஆசிரியை அவர்களின் மடலைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். 'அன்புக்குப் பாத்திரமாகி' என்ற தொடரை அப்படியே விளக்கத்தில் எடுத்துக்கொள்கிறேன். இயலை வளர்பாத்திரம் என்ற சொல்லோடு இன்றிரவு அனுப்புகிறேன். மதுரை ஐயாவின் பாகுபாட்டைத் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறேன். கிளைத்தொடர் நிற்கிறது, கிளர்பாத்திரம் நிற்கவில்லை, பொறியாளர் நண்பர் பொறுத்தருள வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொரு தேவையும் எதிர்ப்பட்டது. 1989இல் தொடங்கிய 'ஃபேமிலி மேட்டர்ஸ்', சிகாகோ நகரத்து வின்ஸ்லோ குடும்பத்தின் கதை. முதல் சீசன் நடுவில் ஒரே ஒரு பகுதிக்கென்று அடுத்த வீட்டுப் பையன் ஸ்டீவ் அர்க்கல் வந்தான். பெரிய கண்ணாடி, மார்பளவுக்கு ஏற்றிய கால்சட்டை, தோளில் பட்டை, கீச்சுக்குரல். அவனே தொடர் ஆகிவிட்டான். அந்தக் குடும்பத்தின் கடைசி மகள் ஜூடியோ, நான்காம் சீசனுக்குப் பிறகு ஒரு சொல் விளக்கமும் இல்லாமல் மறைந்துபோனாள். பெற்றோர்கூட அதன்பின் அவளைப் பற்றிப் பேசவில்லை. ஒன்று வளர்ந்தபோது இன்னொன்று தேய்ந்த இந்தக் கணக்கை மாணவர் கட்டாயம் அறியவேண்டும் என்று நினைக்கிறேன். வளர்பிறைக்குத் தேய்பிறைபோல 'தேய்பாத்திரம்' என்று எழுதிவிட்டேன். தடை இருந்தால் நாளை நண்பகலுக்குள் சொல்லுங்கள்.

மடல் 10. திரைக்கதை பயிற்றுநர், மதுரை

தேய்பாத்திரம் மிக நன்று. ஜூடிக்கு ஒரு பெயராவது கிடைத்தது. வளர்பாத்திரம் என்பதைப் பெரும்பான்மைக்காக ஏற்கிறேன், உடன்பட்டு அல்ல. விளக்கத்தைத் துணைக்கு அழைக்காமல் தனியே நின்று பொருள் தருவதுதான் கலைச்சொல். அடுத்த பதிப்பின்போது இதே கேள்வியை மறுபடி எழுப்புவேன்.

மடல் 11. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

பாத்திரத்தின் மூன்றாம் பொருளை எடுத்துக்காட்டிய அம்மையாருக்கு என் வணக்கம். அது எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் மனிதரைக் குறிக்கும் இடங்களில் மாந்தர் என்பதே தமிழ் என்ற என் நிலையில் மாற்றமில்லை. நூலின் இறுதியில் வரும் சொல்லடைவில் 'வளர்மாந்தர்: காண்க வளர்பாத்திரம்' என்று ஒரு வரிக்கு இடம் கொடுங்கள், அதற்கு மேல் கேட்கமாட்டேன்.

இயலின் மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். வளர் என்பதற்கும் தேய் என்பதற்கும் பின்னே எங்கேனும் 'ப்' புகுந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்து, நாளைக் காலைக்குள் திருப்பிவிடுகிறேன்.