புதுப்பிப்பு: இரவுத் தேருக்கு ஒரு அங்குல சென்சரா, ஏபிஎஸ்-சியா?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் பக்கத் தோட்டக் கோயில் தேரை இரவில் படம் எடுக்க, ஒரு அங்குல சென்சர் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள சின்னக் கமரா நல்லதா, ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவு சென்சர் உள்ள நிக்கோன் டி3500 நல்லதா என்று கேட்டிருந்தேன். "மெகாபிக்சலை விடுங்கள், ஒரே இடத்தில் நின்று ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டிலும் எடுத்துப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். அதுதான் கைகொடுத்தது. இரண்டையும் இரவல் வாங்கி எடுத்தேன்.

நிக்கோன் சென்சர் 23.5 × 15.6 மி.மீ., சின்னதில் 13.2 × 8.8 ('ஒரு அங்குலம்' என்பது பெயர் மட்டுமே). பரப்பில் மூன்று மடங்கு. ஆனாலும் நிக்கோனோடு வரும் 18-55 லென்ஸை அகலக் கோணத்தில் வைத்து எடுத்தபோது வித்தியாசமே தெரியவில்லை! தீப்பந்த வெளிச்சத்தில் அம்மனின் பட்டுச்சேலை மடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே அளவு புள்ளி இரைச்சல் (இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்). காரணம் லென்ஸ்தான். சின்னக் கமராவின் லென்ஸ் எஃப்/1.8 வரை திறக்கிறது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும்). 18-55 எஃப்/3.5-உடன் நின்றுவிடுகிறது, சென்சரில் விழும் வெளிச்சத்தின் செறிவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிறது. பெரிய சென்சரின் பலன் அதிலேயே போய்விடுகிறது.

35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டியதும் நிக்கோன் தெளிவாக முந்தியது. வடம் பிடித்தவர்களின் நெற்றி வியர்வைகூடத் துல்லியமாக விழுந்தது. பகலில் தேயிலை மலையில் இரண்டுமே போதும்.

சரி, நிக்கோனையே வாங்குகிறேன். பழைய லென்ஸ் தேடுபவர்கள் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி வகையா (லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ளவை) என்று பாருங்கள்; டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் மற்றவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது.