‘கேட்டகரி’, ‘அதர்’: தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஞாயிறு வகுப்புக்காக முனின் பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரை அளந்து, நாள், வாரம், மாதம், ஆண்டு என்று வரைபடம் போடும் கருவி அது. தன் வரைபடம் எந்தக் கேட்டகரியில் சேரும் என்பதை ஒவ்வொரு பிளகினும் (அளவெடுத்துத் தரும் சிறு நிரல்) தானே சொல்லும்: டிஸ்க், நெட்வொர்க், சிஸ்டம், சென்சார் என்று. சொல்லாமல் விட்டால் ‘அதர்’. இப்போதைக்கு ‘வகை’, ‘மற்றவை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் உண்டா?
— செந்தூல்

ஐயா, ‘வகை’ சப்பென்று இருக்கிறது. திணையும் துறையும் நம் கையிலேயே இருக்க, கடன் எதற்கு? டிஸ்க் ஒரு திணை. அதில் இடம் நிரம்புவது ஒரு துறை, எழுதவும் படிக்கவும் ஆகும் தாமதம் இன்னொரு துறை. ‘அதர்’ சிக்கலை ஐயனாரிதனார் எப்போதோ தீர்த்துவிட்டார். புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூலில் வெட்சி முதல் பாடாண் வரை புறத்திணைகளைச் சொல்லி முடித்து, அவற்றுக்குப் பொதுவானதையும் விடுபட்டதையும் ‘பொதுவியல்’ படலத்தில் வைத்தார். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பி.கு.: முனின் என்பது நார்ஸ் புராணத்தில் ஓடின் வளர்த்த அண்டங்காக்கைகளில் ஒன்று. பெயருக்கு நினைவு என்று பொருள். சங்கப் புலவர் காக்கை பாடினியாரை நினைத்துக்கொண்டேன்.
— பினாங்கு

‘அதர்’ பழந்தமிழ்ச் சொல்தானே? வழி என்று பொருள். வழி தெரியாத பிளகின்களை அதரிலேயே விட்டுவிடலாமே! (விளையாட்டுக்குத்தான், அடிக்க வராதீர்கள்.)
— ஈப்போ

காக்கை, அதர் எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு சைட் நகரவில்லை என்று போன் வந்தால் எழுந்து பார்ப்பது நான். ‘பொதுவியல்’ என்று பார்த்தால் ஏதோ பொது அமைப்புகள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவேன். பாதித் தூக்கத்தில் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லைவிட முக்கியமாக ஒன்று கையேட்டில் வர வேண்டும். லோடு, அதாவது சர்வரின் வேலைப்பளு, அதன் வரைபடம் சிஸ்டம் பகுதியில் இருக்கும். லோடு எகிறி, சிபியூ சும்மா இருந்தால் மாணவர் அங்கேயே தேடிக்கொண்டிருப்பார். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் புராசஸும் (ஓடும் நிரல்) லோடு கணக்கில் சேரும். உடனே டிஸ்க் பகுதிக்குத் தாவ வேண்டும்.
— ஷா ஆலம்

இதற்குப் பெயர்தான் திணைமயக்கம்! நோவு டிஸ்கில், முனகல் சிஸ்டத்தில். தம்பி, எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள்.
— பினாங்கு

ஐயா, மன்னிக்கணும். என் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் திணை என்றால், “டிஸ்க் அஃறிணைதானே டீச்சர்?” என்பார்கள். துறை என்றால் அரசாங்க இலாகா. அப்புறம், ‘வரைபடம்’ என்றால் அவர்களுக்கு மேப். கணிதப் பாடத்தில் பட்டைக் குறிவரைவு, வட்டக் குறிவரைவு என்றுதான் படிக்கிறார்கள். ‘குறிவரைவு’ போட்டால் என்ன? கேட்டகரிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ‘பகுப்பு’ என்கிறார்கள். அதுவும் மோசமில்லை.
— பட்டர்வொர்த்

பகுப்பு என்பது பகுக்கும் செயல். பகுத்து வந்தது ‘பகுதி’. ஆனால் பகுதி என்றதும் விகுதி எங்கே என்று கேட்பார்கள். பகுபத உறுப்புகளுக்குள் இறங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும், நிறுத்திக்கொள்கிறேன்.
— ஈப்போ

சரி, முடிக்கிறேன். தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் வகைக்கே கை தூக்குகிறார்கள், ஆசையாக இல்லை, அலுத்துப்போய். ஆகவே கேட்டகரி ‘வகை’, அதர் ‘பிற’. பட்டனில் அடங்க வேண்டுமே, ‘மற்றவை’ நீளம். டீச்சர் சொன்ன குறிவரைவை ஏற்கிறேன். லோடு குறிப்பு தனிப் பெட்டியில் வரும், தலைப்பு ‘திணைமயக்கம்’. பினாங்கு ஐயாவுக்கு அதுவாவது.
— செந்தூல்

பெட்டிக்கு நன்றி. ‘வகை’யை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். என் வகுப்பில் திணை என்றுதான் சொல்வேன்.
— பினாங்கு

சொல்லுங்கள் ஐயா. ஆனால் ‘பிற’வைக் காலி செய்யவும் கற்றுக்கொடுங்கள். பிளகின் சொல்லாத வகையை முனினின் கான்ஃபிக் கோப்பில் நாமே எழுதலாம். யாரும் எழுதுவதில்லை, எல்லாம் அங்கேயே குவிகிறது. மெயில் வரிசையின் குறிவரைவை நான் போன வாரம் அங்கிருந்துதான் தோண்டி எடுத்தேன்.
— ஷா ஆலம்