மலைப்பாம்பின் மூக்கில் நீர்க்குமிழி – பாம்பு வளர்ப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். டொரன்டோவில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஒரு பால் பைத்தான் (ball python) வகை மலைப்பாம்பு வளர்க்கிறேன், எடை 1.4 கிலோ. போன வாரக் கடுங்குளிரில் ஓர் இரவு முழுக்க வீட்டு ஹீட்டர் வேலை செய்யவில்லை. காலையில் பார்த்தால் கூண்டின் சூடான பக்கமே 23 டிகிரிதான். வழக்கமாக 32 இருக்கும்.

மூன்றாம் நாள் கையில் எடுத்தபோது மெல்லிய விசில் சத்தம். சட்டை உரிக்கும் சமயத்திலும் அப்படிக் கேட்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கண் மங்கவில்லை, தோலும் வெளுக்கவில்லை. நேற்றிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன்: இடது மூக்குத் துளையில் கடுகளவு நீர்க்குமிழி, மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்குகிறது. வாயோரம் நூல் மாதிரி எச்சில். தலையைத் தூக்கிக் கண்ணாடியில் சாய்த்தபடியே கிடக்கிறது, பாவம். நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ள அதற்கு உதரவிதானம் கிடையாது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

சூட்டை 32க்குக் கொண்டுவந்துவிட்டேன், இரவிலும் குறைப்பதில்லை. ஈரப்பதம் 60 சதவீதம். இரை கொடுக்கவில்லை. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்தது.

அதுவரை காத்திருக்கலாமா, இல்லை இன்றே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவா? வாயைத் திறந்து மூச்சுவிட ஆரம்பித்தால் கண்டிப்பாக ஓடிவிடுவேன். மலைப்பாம்புகளுக்கு மூச்சு நோய் தரும் நிடோவைரஸ் இருக்கிறதா என்ற சோதனையும் சேர்த்துக் கேட்க வேண்டுமா? அப்புறம், வீட்டில் ஊசி போடச் சொன்னால் தனியாளாக எப்படிப் பிடிப்பது? பக்கத்துக் கூண்டில் ஒரு பாம்புக் குட்டி இருக்கிறது. கை கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன். அது போதுமா, அறையையே மாற்றவா?

மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் எதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இதைக் கடந்து வந்தவர்கள் இன்றிரவே பதில் போட்டால் பெரிய உதவி.