கொழும்புக்குப் போனா எங்க தங்குறனீங்கள்? அவரவர் பட்டதைச் சொல்லுங்கோ

உவர்மலைப் பெடியன்

போன மாசம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்ப் பட்ட பாட்டை எழுதோணும் எழுதோணும் எண்டு இருந்தனான், இண்டைக்குத்தான் நேரம் வந்தது. பாஸ்போட், விசா, ஆஸ்பத்திரி, இன்டர்வியூ எண்டு திருகோணமலை ஆக்கள் எல்லாருக்கும் வருசத்தில ஒருக்காவாவது வாற தலையிடிதானே இது, நீங்களும் உங்கட கதையைப் போடுங்கோ. சொந்தக்காரர் வீடு இல்லையோ எண்டு கேக்காதேங்கோ, இருக்கு, ஆனா ரெண்டு ரூம் பிளாட்டில ஆறு பேர் இருக்கிற வீட்டில அம்மாவோட போய் அஞ்சு நாள் இருக்க எனக்கு மனம் வரேல்லை.

போன்ல ஒரு ஆப்பில தேடினன். வெள்ளவத்தை, கடலுக்கு ரெண்டு நிமிசம், 3800 ரூபா, போட்டோவில வெள்ளை பெட்ஷீட், யன்னலுக்கால கடல். உடன போட்டிட்டன். வெள்ளவத்தை எண்டா கடைக்காரன்ல இருந்து ஓட்டோக்காரன் வரைக்கும் தமிழ் கதைப்பான், அம்மா தனிய ரூமில இருந்தாலும் கீழ இறங்கி ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடிக்கலாம், அதுதான் என்ர கணக்கு.

ராத்திரி மெயில் ரெயின்ல போனம். கோட்டை ஸ்டேஷன்ல இறங்கேக்க இன்னும் விடியேல்லை. அங்கயிருந்து கரையோர ரெயின் இருக்கு, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை, ஆனா முதல் ரெயினுக்கு நிக்க அம்மாவால ஏலாது எண்டு ஓட்டோ பிடிச்சம். போனா கேற் பூட்டு. படிக்குக் கீழ ஒரு பெடியன் மட்டைப்பெட்டியை விரிச்சுப் போட்டுப் படுத்திருக்கிறான், எழுப்பினா ரெண்டு மணிக்குத்தான் ரூம், இப்ப வேணுமெண்டா அரைநாள் காசு கூட எண்டு கண்ணைத் திறக்காமலே சொல்றான். எங்கட ஊர் பஸ்ஸும் ரெயினும் கொழும்புக்குப் போய்ச்சேருறது விடியப்புறம், ரூம் தாறது மத்தியானம், இந்த இடைவெளியை நான் யோசிக்கவே இல்லை. அரைநாள் காசைக் குடுத்தன், வேற என்ன செய்யிறது.

ரூம் நாலாம் மாடி. லிப்ட் இல்லை. ஆப்பில ‘நாலாம் மாடி’ எண்டு இருந்தது, நான் கடல் தெரியும் எண்டு சந்தோசப்பட்டனே தவிர அம்மான்ர முழங்காலை நினைக்கேல்லை. அம்மா ஒரு கையில சீலையைத் தூக்கிப் பிடிச்சு மற்றக் கையால கம்பியைப் பிடிச்சு ஏறுறா, ஒவ்வொரு திருப்பத்திலயும் நிண்டு “அங்க பார் தம்பி, கடல்” எண்டுறா. முதல் திருப்பத்தில கடலே தெரியாது, முன்வீட்டுத் தண்ணித் தாங்கிதான் தெரியும். களைக்குது எண்டு சொன்னா நான் கவலைப்படுவன் எண்டு மனுசி கடலைக் காட்டுது.

உள்ள போனா கடல் தெரியிற யன்னல் பாத்ரூமுக்குள்ள. மரைன் டிரைவ் பக்கத்தில ரெயில் பாதை எண்டபடியா ஒவ்வொரு ரெயின் போகேக்கயும் மேசையில இருந்த கண்ணாடிக் கிளாஸ் கிண்கிண் எண்டு நகரும், ராத்திரி அதை எடுத்து மெத்தையில வைச்சிட்டுத்தான் படுத்தம்.

அடுத்த நாள் ஒப்பரேசன். கண்ணைக் கட்டிவிட்டா அந்தப் படியில எப்பிடி ஏத்துறது எண்டு பயம் பிடிச்சிட்டுது. பால்மா வாங்க ஒழுங்கை முனையில இருந்த சின்னக் கடைக்குப் போனன், முதலாளி ஐயா மிச்சக் காசை எண்ணிக்கொண்டே “எந்த ஊர் தம்பி” எண்டார். திருகோணமலை எண்டன். “திருகோணமலையில எங்க?” அந்த ரெண்டாவது கேள்வி வந்தாலே ஆள் எங்கட பக்கம் தெரிஞ்ச ஆள் எண்டு அர்த்தம். ஐயா ஒரு காலத்தில சீனக்குடாவில வேலை செய்தவராம். ரூம் கதையைச் சொன்னன், அங்கேயே நிண்டு ரெண்டு கோல் எடுத்தார், காலி வீதிக்கு மற்றப் பக்கம், கடல் இல்லாத பக்கம், ஒரு அன்ரியின்ர வீட்டில கீழ்மாடி முன் ரூம், 4500. 700 ரூபா கூட. ஆனா அரைநாள் காசு, மேல கொண்டுவர ஆளில்லாம ஓட்டோ பிடிச்சுச் சாப்பிடப்போன காசு எல்லாம் கூட்டினா மலிவான ரூம்தான் விலைகூடின ரூம். அன்ரி வீட்டில அடுப்படி பாவிக்கலாம், அம்மா கட்டுப்போட்ட கண்ணோட கதிரையில இருந்து சொல்லச் சொல்ல நான் சொதி வைச்சன். உப்புக் கூடிப் போச்சு.

இனிப் போறாக்கள் 24 மணித்தியாலக் கணக்கோ, மத்தியானம் 12 மணிக் கணக்கோ எண்டு முதல் கேளுங்கோ, எத்தினையாம் மாடி எண்டு கேளுங்கோ, ஏசி போட்டா வேற காசோ எண்டும் கேளுங்கோ. முடிஞ்சா ஒரு நாளுக்கு மட்டும் போட்டிட்டு, போய்க் கடையில விசாரிச்சு மாறுங்கோ. அஞ்சு நாளுக்கும் சேத்துக் கட்டினா எனக்கு வந்த வினைதான், மிச்சக் காசு வரவே இல்லை.

பாலையூற்று

அந்த ‘அங்க பார் கடல்’ எங்கட அம்மாவும் செய்வா. கோணேசர் மலை ஏறேக்க மானைக் காட்டுவா.

கிண்ணியா நானா

நான் மளிகைச் சாமான் எடுக்கப் போறவன், என்ர தேவை வேற. புறக்கோட்டையில பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு லொட்ஜ், ஒரு ராவைக்குத்தானே எண்டு எடுத்தது. 2009ல எங்கட பாலம் திறக்க முன்னம் கிண்ணியாவில இருந்து பாதையில, அதுதான் ஆக்களை ஏத்திக் கடக்கிற மிதவையில, ஏறிக் கடந்துதான் வெளிக்கிடோணும், போய்ச்சேரேக்க உடம்பு முறிஞ்சிருக்கும், அந்த நேரத்தில பாய் இருந்தாக் காணும். பழகின பழக்கத்தில பாலம் வந்த பிறகும் அதே லொட்ஜ்தான். ரூமுக்கும் ரூமுக்கும் இடையில பலகைதான், அங்கால ஆள் புரண்டா இங்கால எனக்குத் தெரியும். ஒருக்கா பக்கத்து ரூம் மனிசன் ராவு முழுக்க போன்ல செத்தல் மிளகாய்க் கணக்குக் கதைக்கிறார், லொறியில என்ன விலைக்கு ஏத்தினது, என்ன விலைக்குத் தள்ளோணும், எல்லாம். எனக்குக் கோவம், நித்திரை இல்லை. காலமை மொத்தக் கடைக்குப் போனா அதே குரல். அண்டைக்கு நான் பேசி எடுத்த விலைக்கு இண்டு வரைக்கும் ஒருத்தனும் எடுத்திருக்க மாட்டான். ஆனா அது ஒரு தரம். மற்ற எல்லாத் தரமும் நுளம்பும் சத்தமும் மூட்டைப்பூச்சியும்தான்.

இப்ப மருதானைப் பக்கம் எடுக்கிறன். கோட்டைக்கு அடுத்த ஸ்டேஷன், பள்ளியும் கிட்ட, ஹலால் சாப்பாடு ராவு பிந்தியும் கிடைக்கும். பிள்ளை குட்டியோட போறதெண்டா தெஹிவளை. பெண்டுகளைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் லொட்ஜுக்கு மட்டும் போயிராதீங்க, எவ்வளவு மலிவெண்டாலும். மணித்தியாலக் கணக்கில ரூம் குடுக்கிற இடமெல்லாம் அதுக்குள்ள இரிக்கி.

சாம்பல்தீவுத் தங்கச்சி

நான் தங்கினது நாள் கணக்கில இல்லை, வேலை கிடைச்சு போடிங் தேடினது. வெள்ளவத்தையில ஒழுங்கைக்கு ஒழுங்கை லைட் போஸ்ட்டில பேப்பர் ஒட்டியிருப்பினம், ‘தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும்’ எண்டு. எட்டு இடம் பாத்தன். ஒரு இடத்தில மூண்டு கட்டில், அதில ஒரு கட்டில் வாசலுக்கு நேர, மற்ற ரெண்டு பேரும் பாத்ரூம் போக என்ர காலைத் தாண்டித்தான் போகோணும். இன்னொரு இடத்தில மூண்டு மாச அட்வான்ஸ், சமைக்கேலாது, ஏழரைக்குக் கேற் பூட்டு. எனக்கு வேலை முடியவே ஆறு, காலி வீதி ட்ராபிக்கில ஏழரைக்கு வந்து சேருறது விதி விட்டாத்தான்.

கடைசியா எடுத்த வீட்டில எல்லாம் வாசி, சட்டை ஐயன் பண்ணுறது மட்டும் சனிக்கிழமை எண்டு சட்டம். கரண்ட் பில் கூடுதாம். ஒரு கிழமைக்குரிய அஞ்சு சட்டையையும் மூண்டு பெட்டையளும் சனிக்கிழமை வரிசையில நிண்டு ஐயன் பண்ணுவம், வீட்டுக்கார மனுசி மீற்றர் பெட்டியைப் பாத்துக்கொண்டு வாசல்ல கதிரை போட்டு இருப்பா. அண்ணா சொன்ன மாதிரி கேட்டிட்டுப் போகோணும் எண்டா, ஐயனையும் கேக்கோணும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதே மனுசிதான் நான் டெங்கு வந்து கிடக்கேக்க மூண்டு நாள் கஞ்சி வைச்சுத் தந்தது, தன்ர மகளின்ர ரூமில கொண்டுபோய்ப் படுக்கவைச்சது. அதால நான் அவவைப் பற்றி முழுசாக் குறை சொல்லவும் ஏலாமக் கிடக்கு.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடகை குறையத்தான், என்ர சிநேகிதி அங்க இருக்கிறா. ஆனா வேலை பம்பலப்பிட்டிப் பக்கம் எண்டா பஸ்ஸுக்கே ஒரு நாளில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போகும், கசங்கின சட்டையோடதான் போய் இறங்குவாய்.

பழைய துறைமுகத்தான்

பிள்ளையள் எல்லாரும் மாடியையும் ஏசியையும் பற்றிக் கதைக்கிறியள், நல்லது, அப்பிடித்தான் கதைக்கோணும். எங்கட காலத்தில, சண்டை நடக்கேக்க, கொழும்பில ரூம் எடுக்கிறதெண்டா லொட்ஜ்காரன் முதல் கேக்கிறது பொலிஸ் பதிவு. ஏன் வந்தனி, எத்தினை நாள், ஆர் தெரியும். ஆஸ்பத்திரி எண்டா துண்டு, வெளிநாடு எண்டா ஏஜென்சிக் கடுதாசி, வேலை எண்டா வேலை இடத்துக் கடிதம், எல்லாத்தையும் பிளாஸ்டிக் உறையில போட்டு நெஞ்சோட வைச்சுக்கொண்டு படுப்பம். நல்ல ரூம் எண்டா நடுச்சாமத்தில கதவு தட்டாத ரூம்.

2007 ஜூன் 7 விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில இருந்த தமிழாக்கள் 376 பேரைப் பொலிஸ்காரர் பஸ்ஸுகளில ஏத்தி ஊருகளுக்குப் போங்கோ எண்டு அனுப்பினவை, கொழும்பில நிக்கக் காரணம் இல்லையாம். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, பிறகு கொஞ்சப் பேர் திரும்பி வந்தவை. நான் அதுக்கு ரெண்டு நாள் முந்தித்தான் அலுவல் முடிஞ்சு ஊருக்கு வந்தனான். என்னோட ஒரே ரூமில இருந்த மனிசன் வவுனியாவில இருந்து கோல் எடுத்தார். வேற ஒண்டும் சொல்லேல்லை, “தோய்ச்சுப் போட்ட சறம் கொடியில கிடக்கு” எண்டுதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

போன வருசம் மகளோட போய் ஒரு இடத்தில ரூம் எடுத்தம். கவுன்டரில இருந்த சின்னப் பிள்ளை குட் மோர்னிங் சொல்ல முன்னமே நான் ஐடென்டிட்டி கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்து நீட்டிட்டன். “அங்கிள், கார்ட் மட்டும் காணும்” எண்டு சிரிச்சது. மகள் என்ர கையைப் பிடிச்சவ.

டைக் வீதி அக்கா

ஐயான்ரயை வாசிச்சுப்போட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். நான் ரூம் குடுக்கிற ஆள், இங்க திருகோணமலையில டச்சுக் குடாவுக்குக் கிட்ட எங்கட பழைய வீட்டில ரெண்டு ரூம், அதால மற்றப் பக்கத்தையும் சொல்லுறன். கார்ட்டைப் போட்டோகொப்பி எடுக்கிறது சந்தேகத்தில இல்லை தம்பி, வந்து நிக்கிறாக்களின்ர பேர் விவரம் கொப்பியில இருக்கோணும், நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டா பதில் சொல்லுறது நாங்கள். ஏசிக்கு வேற காசு வாங்கிறதும் கொள்ளை இல்லை, ஒருக்கா ஒரு குடும்பம் ஏசியைப் போட்டு, கதவையும் திறந்துவிட்டு, ‘புழுங்குது’ எண்டு முற்றத்தில வந்து இருந்தது, அண்டைக்குத்தான் நான் வேற மீற்றர் பூட்டினது. மத்தியானம்தான் ரூம் எண்டு சொல்லுறதும் முதல் நாள் ஆள் போய்ப் பெட்ஷீட் தோய்ச்சுக் காய வைக்க நேரம் வேணும் எண்டுதான். ஆனாலும் ராத்திரி மெயில்ல வந்து விடிய நிக்கிறாக்களை நான் வெளிய இருத்துறேல்லை, விறாந்தையில சாய்மனைக் கதிரை இருக்கு, குளிக்கப் பின் பாத்ரூம் இருக்கு, பிளேன்ரீக்குக் காசு இல்லை. பாக்கை வைச்சிட்டு இங்கத்தைக் கோட்டைக்குள்ளால நடந்து கோணேசருக்குப் போய்க் கும்பிட்டிட்டு வந்தா ரூம் ரெடி.

கொழும்பில இருந்து இங்க வாறாக்களும் இதைப் பாப்பினம் எண்டு சொல்லுறன். கடலில குளிக்கத்தான் வாறியள் எண்டா உப்புவெளிக்குப் போங்கோ, ரவுணில இருந்து அஞ்சு கிலோமீட்டர் அளவு, ஆனா மே தொடங்கி செப்டெம்பர் வரை சீசன், விலை ஏறியிருக்கும். கோயில், சந்தை, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் நடந்து திரியோணும் எண்டா ரவுண் பக்கம் எடுங்கோ. மாரியில பாதி விலைக்கும் தருவினம், கடல் மட்டும் இறங்கவிடாது. சிவராத்திரிக்கு முதல் நாள் கோல் எடுத்து “அக்கா ஒரு ரூம்” எண்டு கேக்காதேங்கோ, என்ர விறாந்தையிலயே அண்டைக்குப் பத்துப் பேர் படுத்திருப்பினம். இன்னொண்டு, கொடியில துவாய் போட்டா உயர்த்திப் போடுங்கோ. இங்க ரோட்டில திரியிற மான் முற்றத்துக்குள்ளயும் வரும், கண்டி ஆக்கள் ரெண்டு பேரின்ர துவாயை அது ஓரத்தில இருந்து சப்பிக் கொண்டு நிண்டது, அவை அதைத் துரத்தாமப் போட்டோ எடுக்கினம்!

உவர்மலைப் பெடியன்

அக்கா, கொழும்பில உங்கட விறாந்தை மாதிரி ஒண்டு இருந்திருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டன். ஐயா, உங்களுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. வாசிச்சன்.

அம்மாவுக்கு வாற கிழமை திரும்பக் கிளினிக். மற்றக் கண்ணையும் பாக்கோணுமாம். நான் ஆப்பைத் திறக்க முன்னமே மனுசி அந்த வெள்ளவத்தை அன்ரிக்குத் தானே கோல் எடுத்து ரூம் சொல்லிப்போட்டுது, காசும் கேக்கேல்லை, மாடியும் கேக்கேல்லை. அதோட நிக்காம ஒரு சட்டி எருமைத் தயிரும் கொண்டு வாறன் எண்டு வாக்குக் குடுத்திருக்கு. நானாட்ட ஒரு கேள்வி, கிண்ணியாவில கட்டித் தாற தயிர்ச் சட்டியை ராத்திரி மெயில்ல கோட்டை வரைக்கும் தண்ணி விடாமக் கொண்டுபோக ஏதும் வழி இருக்கோ? மடியில வைச்சிருக்கிறது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அம்மா அதைத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறா.