கேம்பஸ்ல "எல்லாரும் சமம்"னு சொன்ன இடத்துல உங்களுக்கு நடந்தது என்ன?

பள்ளத்தூர் பொண்ணு:
வீல்சேர்லதான் படிச்சேன். பன்முகத்தன்மை விழா, கட்டுரைப் போட்டியில எனக்கு முதல் பரிசு. பேரு கூப்பிட்டாங்க. மேடைக்குப் படிதான். கீழேயே வாங்கிக்கிறேன்னு சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள நாலு பசங்க ஓடிவந்து வீல்சேரோட தூக்கிட்டாங்க. துப்பட்டா சக்கரத்துல மாட்டிக் கழுத்தை இழுக்குது. "இறக்குங்க, இறக்குங்க"ன்னு கத்துறேன், கைதட்டல்ல யாருக்கும் கேக்கல. மறுநாள் அந்தப் போட்டோதான் நோட்டீஸ் போர்டுல. கட்டுரையை ஒருத்தரும் படிக்கல.

காரைக்குடி இன்ஜினியர்:
தங்கச்சி, எங்க செட்ல பார்வையில்லாத நண்பன் ஒருத்தன். பரீட்சைக்கு அவன் சொல்லச் சொல்ல எழுதித் தர்ற ஸ்கிரைப் லேட்டா வந்தார், மணியடிச்சதும் பேப்பரைப் பிடுங்கிட்டாங்க. விரல் அந்தத் தாள் இருந்த இடத்தையே தடவிக்கிட்டு இருந்துச்சு.

இனிமே காலேஜ்ல வசதி கேக்கப் போறவங்களுக்காகச் சொல்றேன். ராம்ப், அதாவது வீல்சேர் ஏறுற சாய்தளம், சரிவு 1:12 இருக்கணும், ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மேடை 3 அடின்னா ராம்ப் 36 அடி. நம்ம பக்கம் 8 அடியில சிமெண்டைக் கொட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிடறாங்க, அதுல ஏறினா வண்டி பின்னாடி சாயும். இடம் பத்தலைன்னா நடுவுல சமதளம் விட்டு மடக்கிப் போடலாம். ரெண்டு பக்கமும் கைப்பிடி கண்டிப்பா வேணும். ஸ்கிரைப் வச்சு எழுதுறவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைஞ்சது 5 சதவீத இடம்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே இருக்கு. எல்லாத்தையும் எழுத்துல கொடுங்க, நகல்ல சீல் வாங்காம வராதீங்க.

கல்லல் தம்பி:
அண்ணே, ராம்ப் போட்டா தீர்ந்துச்சுங்கிற மாதிரி எழுதாதீங்க. ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து வகுப்பு வாசல்ல நின்னு, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எந்திரிங்க"ன்னார். எந்திரிச்சேன். தினமும் என்கூட ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிடுற கண்டனூர்க்காரன் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். மத்தியானம் டிபனைத் திறக்கல. பசிக்கலையாம். இதுக்கு எத்தனை அடி ராம்ப் போடுவீங்க? வகுப்புல சாதி சொல்லி அறிவிக்கிறதே பாகுபாடுன்னு பல்கலைக்கழக மானியக் குழுவோட 2012 விதியில இருக்கு. சமவாய்ப்பு மையம் வைக்கணும்னும் இருக்கு. எங்க கேம்பஸ்ல அது எந்த ரூம்னு கேட்டேன், வாட்ச்மேன்ல இருந்து புரொபசர் வரைக்கும் யாருக்கும் தெரியல.

காரைக்குடி இன்ஜினியர்:
தம்பி, நான் அப்படிச் சொல்லல. ரெண்டும் வேணும்னுதான்...

பள்ளத்தூர் பொண்ணு:
அண்ணே, கணக்கு சரிதான், உபயோகமாவும் இருக்கும். ஆனா அன்னைக்கு 36 அடி ராம்ப் இல்லாட்டியும், "எப்படிம்மா வர்றே?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா போதும். கல்லல் தம்பி, அந்தக் கண்டனூர்ப் பையன் அப்புறம் பேசினானா?

கல்லல் தம்பி:
பேசினான்க்கா. நோட்ஸ் கேட்டான், கொடுத்தேன். சாப்பிட மட்டும் கூப்பிடல.